வீரப் பதக்கத்துக்குப் புளி வேண்டாம்

ஆயுத பூஜை முடிந்த கையோடு என்னிடம் வரும் பழைய ராணுவப் பதக்கங்கள் பளபளவென்று மின்னும். கொண்டுவருபவர் முகத்தில் பெருமிதம். எனக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருப்பார்கள்.

உலோகப் பொருள்களைப் பேணுவது என் தொழில். பதக்கம் கைக்கு வந்தால் நான் முதலில் பார்ப்பது விளிம்பை. முதல் உலகப் போரில் பணியாற்றிய இந்திய வீரர்களுக்குத் தரப்பட்ட வெள்ளிப் பதக்கங்களில் வீரரின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் அங்கேதான் பதிக்கப்பட்டிருக்கும். கொள்ளுத்தாத்தா மதராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையில் இருந்தார் என்பதற்கு வீட்டில் வேறு காகிதம் இல்லையென்றால், அந்தச் சிறு விளிம்புதான் சாட்சி. தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் அது மூன்றா எட்டா என்று சொல்ல முடியாமல் போகும்.

முலாம் பூசித் தரக் கேட்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எதிரிப் படையை நேருக்கு நேர் எதிர்கொண்ட வீரத்துக்கான நம் நாட்டின் மிக உயர்ந்த விருதான பரம் வீர் சக்ராவே வெறும் வெண்கலம்தான். 1987இல் இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் குடும்பத்துக்கு வழங்கப்பட்டது அதுவே. அடுத்த நிலையில் உள்ள மகா வீர் சக்ரா, வீர் சக்ரா இரண்டும் வெள்ளி.

போர் அல்லாத சூழலில் காட்டிய வீரத்துக்கான விருதுகளில் உலோகம் இன்னும் முக்கியம். மேஜர் முகுந்த் வரதராஜனுக்கு மறைவுக்குப் பின் வழங்கப்பட்ட அசோக சக்ரா பொன்முலாம் பூசியது. கீர்த்தி சக்ரா வெள்ளி. சௌர்ய சக்ரா வெண்கலம். மூன்றிலும் முகப்பு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சௌர்ய சக்ராவுக்குப் பொன்முலாம் பூசினால் பார்ப்பவர் அதை அசோக சக்ரா என்றே நினைப்பார். வீரருக்குச் செய்யும் மரியாதையா அது?

பச்சை ரிப்பனில் ஓடும் காவிக் கோடுகளையும் எண்ணிப் பாருங்கள்: அசோக சக்ராவுக்கு ஒன்று, கீர்த்திக்கு இரண்டு, சௌர்யாவுக்கு மூன்று. ஜன்னல் வெயில் படும் சுவரில் சட்டமிட்டு மாட்டினால் சில ஆண்டுகளில் அந்தக் கோடுகள் வெளுத்துப்போகும். துவைத்தால் சாயம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

வெள்ளி கறுப்பது காற்றிலுள்ள கந்தகத்தால். ரப்பர் பேண்டும் கம்பளித் துணியும் அதை விரைவுபடுத்தும். அமிலமில்லாத தாளில் சுற்றி, ஈரம் புகாத பெட்டியில் வையுங்கள். ஓரத்தைப் பிடித்தே எடுங்கள். வெண்கலத்திலிருந்து வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் தாமதிக்காமல் நிபுணரிடம் கொண்டுசெல்லுங்கள்.

சான்றிதழை லேமினேஷன் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. ஒரு வண்ண நகல் எடுத்து அதைச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம். நைந்த ரிப்பனுக்குப் பதில் புதியதைக் கோக்கலாம். பழையதைத் தூக்கிப் போடாமல் அதே பெட்டியில் வைத்துவிடுங்கள்.