தோள்வலிக்குக் கூடைதான் காரணமா?

காசிமேட்டில் மீன் விற்கும் அந்த அக்கா வலது தோளைப் பிடித்தபடி என் ஸ்கேன் அறைக்குள் வந்தார். மூன்று நாளாக அடிவயிற்றில் வலி. வாயு என்று நினைத்து மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறார். தோள்வலி கூடை தூக்கியதால் என்பது அவர் கணக்கு. கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தீர்கள் என்று கேட்டேன்.

“நாள் தள்ளிப்போய், இப்போது லேசாகப் படுகிறது. எனக்குத்தான் குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டதே, டாக்டரம்மா!”

சிறுநீர்ச் சோதனையில் இரண்டு கோடு.

பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் உள்வழி ஸ்கேனில் கருப்பை காலியாக இருந்தது. வலது சினைப்பையை ஒட்டி மெதுவடை போல ஒரு வளையம்: கருக்குழாயில் தங்கிவிட்ட கரு. (பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு வெளிநாட்டு ரொட்டியின் பெயரைச் சொல்லும்.) கருப்பைக்குப் பின்னால் இரத்தம் தேங்கியிருந்தது. வயிற்றுக்குள் கசியும் இரத்தம் மேலேறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசைத் திரையான உதரவிதானத்தை உறுத்தினால், வலி தோளில் தெரியும். கூடை மேல் குற்றமில்லை. அன்று மாலையே அறுவை சிகிச்சை. ஒரு கருக்குழாயை எடுக்க வேண்டியதாயிற்று.

100 கர்ப்பங்களில் ஒன்றோ இரண்டோ இப்படிக் கருப்பைக்கு வெளியே தங்கும், பெரும்பாலும் கருக்குழாயில். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை தவறுவது அபூர்வம். தவறினால், கரு குழாயிலேயே சிக்கிக்கொள்ளும் வாய்ப்பு கூடுதல். முன்பே ஒருமுறை இப்படி ஆனவர்களும், குழாயில் கிருமித்தொற்று வந்தவர்களும் நாள் தள்ளியதுமே வந்துவிடுவது நல்லது.

பலர் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு வராந்தாவில் நெளிந்துகொண்டிருப்பார்கள். வயிற்றின் மேல் பார்க்கும் ஸ்கேனுக்குத்தான் அது தேவை. உள்வழி ஸ்கேனுக்குச் சிறுநீர்ப்பை காலியாக இருக்க வேண்டும். கூச்சப்பட்டு மறுப்பவர்களும் உண்டு. ஆனால் கடைசி மாதவிடாயிலிருந்து ஐந்து வாரம் கடந்ததுமே கரு எங்கே இருக்கிறது என்று காட்டத் தொடங்குவது அந்த ஸ்கேன்தான். கதிர்வீச்சு கிடையாது, வெறும் ஒலியலை.

“கருப்பையில் ஒன்றும் தெரியவில்லை” என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வீட்டுக்குப் போகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். கரு இன்னும் சிறியதாக இருக்கலாம், கலைந்திருக்கலாம், வேறிடத்தில் இருக்கலாம். 48 மணி நேரம் கழித்து இரத்தத்தில் பீட்டா எச்.சி.ஜி. என்ற கர்ப்ப ஹார்மோனின் அளவை மறுபடி பார்த்து, தேவையானால் ஸ்கேனும் திரும்ப எடுக்க வேண்டும். குழாய் வெடிக்கும் முன் பிடித்துவிட்டால் சிலருக்குக் கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்சேட் ஊசியே போதும். இடையில் மயக்கமோ கடும் வலியோ வந்தால், நடுராத்திரியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பக்கத்துக் கடைக்காரப் பெண்ணை இழுத்து வந்தார். “இவளுக்கும் தோள் வலிக்கிறதாம், பாருங்கள்!” நாள் தள்ளவில்லை, சோதனையிலும் ஒற்றைக் கோடு. இவருக்கு நிஜமாகவே கூடைதான்.