நாடக முரண்: அவை அறியும், அரங்கில் நிற்பவர் அறியார்

ஆங்கில நாடகம் பயிலும் தமிழ் மாணவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கலைச்சொற்களுள் 'டிராமாட்டிக் ஐரனி' ஒன்று. இதனைச் சிலர் 'நாடக முரண்' என்றும், சிலர் 'நாடக அங்கதம்' என்றும், வேறு சிலர் 'நகைமுரண்' என்றும் எழுதுகின்றனர். அரங்கில் நிற்கும் பாத்திரம் அறியாத ஓர் உண்மையை அவையில் இருப்போர் முன்னரே அறிந்திருக்க, அந்த அறியாமையோடு அப்பாத்திரம் பேசும் பேச்சு அவருக்கு ஒரு பொருளையும் நமக்கு வேறொரு பொருளையும் தருவதே இச்சொல் குறிக்கும் உத்தி. வரையறை இவ்வளவுதான். ஆனால் வரையறையை ஒப்பித்துவிட்டு, 'இக்காட்சியில் நாடக முரண் அமைந்துள்ளது' என்று எழுதி முடிப்பதால் பயன் இல்லை. அந்த முரண் நாடகத்தின் எந்தக் கருத்தைத் துலக்குகிறது என்று கேட்கும்போதுதான் சொல்லுக்கு உயிர் வருகிறது. ஷேக்ஸ்பியரின் 'பன்னிரண்டாம் இரவு' என்னும் இன்பியல் நாடகத்தை அருகில் வைத்துக்கொண்டு இதனைக் காண்பதே சிறந்த வழி என்று கருதுகிறேன்.

முதலில் 'ஐரனி' என்னும் சொல்லின் வேர். பழங்காலக் கிரேக்க நகைச்சுவை நாடகங்களில் 'எய்ரோன்' என்றொரு பாத்திர வகை உண்டு. தன் அறிவை மறைத்துக்கொண்டு, ஒன்றும் தெரியாதவர்போல் நடிப்பவர் அவர். அவருக்கு எதிரே நிற்பவர் 'அலசோன்' என்னும் வீம்பர். தம்மிடம் இல்லாத பெருமையை இருப்பதாகப் பேசித் திரிபவர். எய்ரோனின் அடக்கமான பாசாங்கு அலசோனின் வீம்பைப் பொடியாக்கும். எய்ரோனின் இந்தப் பாசாங்குக்குப் பெயர் 'எய்ரோனேயா'. பிளேட்டோவின் 'குடியரசு' நூலில் திராசிமாக்கஸ், சாக்ரட்டீசின் மீது கோபத்தோடு சுமத்தும் குற்றமும் இதுவே. அரிஸ்டாட்டில் தம் ஒழுக்கவியல் நூலில் வாய்மையை நடுவில் நிறுத்தி, வீம்பை ஒரு பக்கமும் தன்னைக் குறைத்துக் காட்டும் இந்த இயல்பை மறுபக்கமும் வைத்தார். இலத்தீனுக்கு 'இரோனியா' என்று சென்ற சொல், சொல்லப்பட்டதற்கு மாறானதைப் பொருளாகக் கொள்ளும் ஓர் அணியின் பெயராயிற்று. அந்தப் பொருளோடுதான் 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கியது. பழங்காலக் கிரேக்க நாடக ஆசிரியர் சோஃபக்ளீசின் நாடகங்களில் அமைந்த ஐரனியைப் பற்றி ஆங்கில அறிஞர் கானப் தேர்ல்வால் 1833இல் எழுதிய கட்டுரை, ஒரு வாக்கியத்தின் அணியாக இருந்த இச்சொல்லை ஒரு நாடகத்தின் அமைப்பு முழுவதற்கும் உரியதாக விரித்தது. உத்தி மிகப் பழையது. அதற்கு இட்ட பெயர்தான் பிந்தியது.

இனித் தமிழ்ச்சொல். 'அங்கதம்' தொல்காப்பியச் செய்யுளியலிலேயே உள்ள சொல். வெளிப்படையாகப் பழிக்கும் செம்பொருள் அங்கதம், மறைத்துப் பழிக்கும் பழிகரப்பு அங்கதம் என்று அதனை இரண்டாக வகுப்பர். ஆனால் அங்கதத்தின் அடிப்படை வசை. ஒருவரைப் பழிக்கும் நோக்கம் அதில் இருந்தாக வேண்டும். நாடக முரணில் யாரும் யாரையும் பழிக்க வேண்டுவதில்லை. ஆகவே 'நாடக அங்கதம்' பொருந்தாது. 'வஞ்சப்புகழ்ச்சி' என்பதும் சொல்லளவில் நிற்கும் அணி. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூடி, நெய் பூசி, காவல்மிக்க மனையில் அழகாக இருக்கின்றன, அதியமானுடையவையோ முனை முறிந்து கொல்லனின் உலைக்களத்தில் கிடக்கின்றன என்று புறநானூற்றில் ஔவையார் பாடும்போது, பேசுபவருக்கு உட்பொருள் நன்றாகத் தெரியும். நாடக முரணில் பேசுபவருக்கே அது தெரியாது. வேறுபாட்டின் உயிர்நிலை இதுதான்.

எஞ்சியிருப்பவை 'நகைமுரண்', 'நாடக முரண்' ஆகிய இரண்டும். நகைமுரண் இதழ்களில் பரவலாக வழங்கும் நல்ல சொல். ஐரனி என்பதற்குப் பொதுவாக அதனை ஆளலாம். எனினும், தானே கவர்ந்த அரசியின் சிலம்பை மறைக்க வழி தேடிக்கொண்டிருக்கும் பொற்கொல்லனிடம் சென்று, காவலன் தேவிக்கு ஏற்றதோர் சிலம்புக்கு நீ விலை மதிப்பாயா என்று கோவலன் கேட்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கும் இவ்வுத்திதான் இருக்கிறது, நகைதான் இல்லை. துன்பியலுக்கும் இன்பியலுக்கும் பொதுவான உத்திக்கு நகையை அடைமொழியாக்குவது சரியன்று. 'முரண்' என்ற சொல்லோ 'மொழியினும் பொருளினும் முரணுதல் முரணே' என்று தொல்காப்பியம் விளக்கும் அளவுக்கு நம் யாப்பில் ஊறியது. பாத்திரத்தின் மொழி ஒரு திசையிலும் அவை அறிந்த பொருள் மறுதிசையிலும் செல்வதை 'நாடக முரண்' என்ற பெயர் குறையின்றித் தாங்குகிறது. வகுப்பறைகளிலும் ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அதனையே நிலைநிறுத்தலாம்.

'பன்னிரண்டாம் இரவு' நடிக்கப்பட்டது பற்றி நமக்குக் கிடைக்கும் முதற்குறிப்பு 1602 பிப்ரவரி 2ஆம் நாளுக்குரியது. லண்டனில் மிடில் டெம்பிள் என்னும் சட்டக் கல்விக்கழகத்தின் மண்டபத்தில் அன்று நடந்த விருந்தில் இந்நாடகத்தைக் கண்டதாக ஜான் மானிங்கம் என்ற சட்ட மாணவர் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அது அச்சேறியது 1623இல், ஷேக்ஸ்பியர் மறைந்து 7 ஆண்டுகளுக்குப் பின்னர் வெளிவந்த பெருந்தொகுப்பில்.

கதை இல்லிரியா என்னும் நாட்டில் நடக்கிறது. கப்பல் உடைந்து கரையேறும் வயோலா, தன் இரட்டைச் சகோதரன் செபாஸ்டியன் கடலில் மாண்டிருப்பான் என்று அஞ்சி, ஆண் உடை தரித்து, செசாரியோ என்ற பெயரில் ஆர்சினோ பிரபுவிடம் பணிக்குச் சேர்கிறாள். ஆர்சினோ ஒலிவியா என்னும் சீமாட்டியைக் காதலிக்கிறார். அவர் தூதாக அனுப்பும் செசாரியோவின் மீதே ஒலிவியா காதல் கொள்கிறாள். வயோலாவோ ஆர்சினோவையே நெஞ்சில் வைத்திருக்கிறாள். வயோலா மாறுவேடம் பூண முடிவெடுப்பதை நாம் முதல் அங்கத்திலேயே பார்த்துவிடுகிறோம். செபாஸ்டியன் உயிரோடு இருக்கிறான் என்பதையும் இரண்டாம் அங்கத்தின் தொடக்கத்திலேயே ஆசிரியர் நமக்குக் காட்டிவிடுகிறார். கடைசியில் இரட்டையர் எதிரெதிர் நிற்கும் திடுக்கிடலுக்காக அவனை ஒளித்துவைத்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றத்திலிருந்து அவையை விடுவித்து, கண்முன் நிற்பதைக்கூட இவர்கள் ஏன் காணவில்லை என்ற வினாவின்மேல் அதன் கருத்தைக் குவிக்கிறார். நாடகத்தின் கருப்பொருள் அந்த வினாவில்தான் இருக்கிறது.

இரண்டாம் அங்கத்தின் நான்காம் காட்சியைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். தம் காதல் கடலைப்போன்றது என்றும், எந்தப் பெண்ணின் நெஞ்சுக்கும் அவ்வளவு பெரிய காதலைத் தாங்கும் வலிமை இல்லை என்றும் ஆர்சினோ சொல்கிறார். அருகில் நிற்கும் வயோலா மெல்ல மறுக்கிறாள். என் தந்தைக்கு ஒரு மகள் இருந்தாள். நான் பெண்ணாக இருந்திருந்தால் தங்களை எப்படிக் காதலித்திருப்பேனோ, அப்படி அவள் ஒருவரைக் காதலித்தாள் என்கிறாள். அவள் கதை என்னவாயிற்று என்று ஆர்சினோ கேட்கிறார். 'வெற்றுத் தாள், பிரபுவே' என்பது விடை. அவள் தன் காதலை வாய்விட்டுச் சொல்லவே இல்லை. மொட்டுக்குள் புகுந்த புழுவைப்போல் அந்த மறைப்பு அவள் கன்னத்தின் நிறத்தைத் தின்றது. நினைவுச் சின்னத்தின் மேல் செதுக்கிய பொறுமையின் சிலைபோல் அமர்ந்து, அவள் துயரத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள். கேட்டுக்கொண்டிருந்த ஆர்சினோ, அந்தக் காதலால் உன் சகோதரி இறந்துவிட்டாளா என்கிறார். என் தந்தையின் வீட்டில் மகள்கள் எல்லாம் நானே, மகன்கள் எல்லாமும் நானே என்று வயோலா சொல்லும்போது, செபாஸ்டியனைப் பற்றிய நம்பிக்கையும் அச்சமும் அந்தச் சொற்களில் சேர்ந்தே ஒலிக்கின்றன. ஆர்சினோவின் கொள்கையை மேடையில் யாரும் வாதிட்டு வெல்லவில்லை. அக்கொள்கைக்கு மறுப்பே உயிரும் உடலுமாய் அவர் பக்கத்தில் நிற்கிறது. நாம் அதைக் காண்கிறோம், அவர் காணவில்லை. அவர் காதலிப்பது ஒலிவியாவையா, அல்லது காதலில் துடிக்கும் தம் உருவத்தையேவா என்ற ஐயம் நமக்கு எழுவது அந்த இடைவெளியில்தான்.

இதில் இன்னொரு அடுக்கும் உண்டு. அக்கால ஆங்கில அரங்கில் பெண் வேடங்களைச் சிறுவர்களே ஏற்றனர். நம்மூர் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் என்று சொன்னோமே, அதேபோல. ஆகவே ஒரு சிறுவன் வயோலாவாக நடிக்க, அந்த வயோலா சிறுவனாக நடிக்கிறாள். மூன்றாம் அங்கத்தில் ஒலிவியாவிடம் அவள், 'நான் இருக்கிறவன் நான் அல்லேன்' என்கிறாள். ஒலிவியாவுக்கு அது ஒரு புதிர். அவைக்கோ அது அப்பட்டமான உண்மை, அதுவும் இருமடங்கு உண்மை. ஆண்மை, பெண்மை என்பனவற்றில் எவ்வளவு இயல்பு, எவ்வளவு உடையும் நடையும் என்ற கேள்வியை இந்நாடகம் எந்தச் சொற்பொழிவும் இன்றி எழுப்பிவிடுகிறது.

முரணின் இன்னொரு முகம் மால்வோலியோ. இவர் ஒலிவியா வீட்டின் காரியஸ்தர். கண்டிப்பானவர், பிறர் மகிழ்ச்சியைப் பொறுக்காதவர். தற்காதல் என்னும் நோய் உமக்கு என்று ஒலிவியாவே முதல் அங்கத்தில் அவரிடம் சொல்லிவிடுகிறாள். பணிப்பெண் மரியா, தலைவியின் கையெழுத்தைப்போல் எழுதிய ஒரு காதல் கடிதத்தை அவர் வரும் வழியில் போட்டுவைக்கிறாள். ஒலிவியாவின் உறவினர் சர் டோபியும், அவர் நண்பர் சர் ஆண்ட்ரூவும், வீட்டுப் பணியாளர் ஃபேபியனும் செடிமறைவில் ஒளிந்திருக்கின்றனர். இங்கே நான் வியப்பது காட்சியின் வரிசைமுறையை. கடிதம் கண்ணில் படுவதற்கு முன்பே, தாம் ஒலிவியாவை மணந்து பிரபு மால்வோலியோ ஆகிவிட்டதாகவும், வெல்வெட் அங்கி அணிந்து பணியாளர்களை வரவழைப்பதாகவும் அவர் தனக்குத்தானே கற்பனை செய்துகொள்கிறார். பொறி வைப்பதற்கு முன்பே எலி உள்ளே இருக்கிறது. பிறகு கடிதத்தைப் பிரிக்கிறார். அதில் எம், ஓ, ஏ, ஐ என்று நான்கு எழுத்துகள். எம் என்பது தம் பெயரின் முதலெழுத்து, மகிழ்ச்சி. அடுத்து ஏ வர வேண்டும், ஓ வந்திருக்கிறது, தயக்கம். எனினும் இதைக் கொஞ்சம் நெருக்கினால் எனக்கு வளைந்துகொடுக்கும், இந்த எழுத்துகள் எல்லாம் என் பெயரில் இருப்பவைதாமே என்று தேற்றிக்கொள்கிறார். மரியா எழுதியது கடிதத்தை மட்டுமே. அதற்குப் பொருள் எழுதியவர் மால்வோலியோ.

'எள்ளல் இளமை பேதைமை மடன் என்று உள்ளப்பட்ட நகை நான்கு' என்பது தொல்காப்பிய மெய்ப்பாட்டியல். மடம் என்பதற்குக் 'கொளுத்தக் கொண்டு கொண்டது விடாமை' என்று உரைகாரர் பொருள் சொல்வர். பிறர் ஊட்டியதை ஏற்று, ஏற்றதை விடாமல் பிடித்துக்கொள்ளுதல் என்பது இதன் கருத்து. மஞ்சள் காலுறையும் குறுக்குப் பட்டியும் கட்டிக்கொண்டு, ஓயாத புன்னகையோடு ஒலிவியாவின் முன் வந்து நிற்கும் மால்வோலியோவுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. அன்றைய அவையையும் இந்தப் பகுதியே மிகவும் கவர்ந்திருக்க வேண்டும். மானிங்கம் தம் குறிப்பில் தனியே எடுத்துச் சொல்லும் நிகழ்ச்சி இதுதான். அவர் ஒலிவியாவை விதவை என்று தவறாக எழுதிவிட்டாலும், கடிதச் சூழ்ச்சியை விரிவாகவே நினைவு வைத்திருந்தார். முதலாம் சார்லஸ் மன்னர் தம்மிடமிருந்த தொகுப்பில் இந்நாடகத்தின் தலைப்புக்கு அருகே 'மால்வோலியோ' என்று தம் கையால் எழுதிவைத்தார்.

ஆனால் கண்டு நகைப்பவரை முரண் எப்போதும் உயரத்திலேயே வைத்திருப்பதில்லை. மால்வோலியோவைப் பித்தர் என்று சொல்லி இருட்டறையில் அடைக்கின்றனர். விகடகவி ஃபெஸ்டே, சர் டோபாஸ் என்னும் பாதிரியாரின் குரலில் வெளியே நின்று பேசுகிறான். வீடு இருட்டாக இருக்கிறது என்று அடைபட்டவர் கதற, அறியாமையைத் தவிர வேறு இருள் இல்லை என்கிறான். இப்போதும் நமக்கு எல்லாம் தெரியும், அவருக்குத் தெரியாது, உத்தி மாறவில்லை. இருந்தும் அவர் தெளிவோடு பேசுகிறார், அவரைச் சுற்றியிருப்பவர்களே பொய் பேசுகின்றனர். உண்மை தெரிந்தும் வாய் திறக்காமல் அமர்ந்திருக்கும் நாமும் அந்தச் சூழ்ச்சியில் பங்காளிகள் ஆகிவிடுகிறோம். செபாஸ்டியனின் நண்பர் அன்டோனியோவின் காட்சியும் இத்தகையதே. தன்னைக் காத்துப் பணப்பையையும் கொடுத்த நண்பரைச் செபாஸ்டியன் மறுதலிப்பதாக அவர் நொந்துபோகிறார். அங்கே நிற்பவள் வயோலா என்று நாம் அறிந்திருந்தும், அவருடைய வேதனை குறையாமல் நம்மைத் தைக்கிறது.

ஐந்தாம் அங்கத்தில் இரட்டையர் ஒருசேர நிற்கின்றனர். ஒரே முகம், ஒரே குரல், ஒரே உடை, ஆள் மட்டும் இருவர் என்று ஆர்சினோ வியக்கிறார். அவை அறிந்ததை அரங்கமும் அறிந்துவிட்ட அந்தக் கணத்தில் முரண் கரைகிறது. இன்பியலின் முடிச்சு அவிழ்வது என்பது இதுவே. எனினும் முழுவதும் அவிழ்ந்துவிடவில்லை. வயோலாவின் பெண்ணுடைகளை வைத்திருக்கும் கப்பல் தலைவர், மால்வோலியோ தொடுத்த வழக்கில் சிறையில் இருக்கிறார். மால்வோலியோவோ, உங்கள் கூட்டம் முழுவதையும் பழிவாங்குவேன் என்று சொல்லிவிட்டு வெளியேறிவிட்டார். அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவருமாறு ஆள் அனுப்பிவிட்டு, ஆண் உடை களையாத வயோலாவை நோக்கி ஆர்சினோ கை நீட்டுகிறார். எல்லாம் தெரிந்த பிறகும் அவர் அவளைக் கூப்பிடுவது 'செசாரியோ' என்றுதான்.