கடைசியில் துவைக்கிற துணி

திருப்பூரில் ஓர் உள்ளாடை கம்பெனியின் செக்கிங் பிரிவில் 11 வருடம் வேலை பார்த்தேன். இப்போது சொந்தமாகச் சின்னக் கடை வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் அதிகம் கேட்ட புகார் ஒன்றுதான்: "மூணு மாசங்கூட ஆகலைங்கக்கா, அதுக்குள்ள லூசாயிடுச்சு."

போன வாரம் ஒரு கல்லூரிப் பெண் கறுப்பு லேஸ் பிரா ஒன்றைக் கொண்டுவந்தாள். டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து, முதுகுப் பட்டையை லேசாக இழுத்தேன். தையல் ஓரத்தில் மயிரிழை போல வெள்ளை நூல்கள் எட்டிப் பார்த்தன. அதுதான் ஸ்பான்டெக்ஸ். லைக்ரா என்று பலர் சொல்வதும் இதைத்தான். 1958-ல் அமெரிக்காவின் டுபான்ட் நிறுவனத்தில் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் உருவாக்கிய இழை. துணியில் கொஞ்சமாகத்தான் கலந்திருக்கும். ஆனால் இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது அதனால்தான். அது அறுந்துபோனால் எந்தத் தையல்காரராலும் சரிசெய்ய முடியாது.

"எப்படித் துவைக்கிறே கண்ணு?" என்று கேட்டேன்.

"எல்லாத் துணியும் முடிச்சிட்டு, மிச்சத் தண்ணியில போட்டு பிரஷ் அடிச்சிடுவேங்க்கா."

பெரும்பாலான வீடுகளில் இதே கதைதான். ஜீன்ஸும் பெட்ஷீட்டும் துவைத்த அழுக்குத் தண்ணீரில், கை அலுத்துப்போன நேரத்தில், இருப்பதிலேயே மெல்லிய துணிக்கு முறை வருகிறது. அதை மட்டும் மாற்றி, உள்ளாடையை முதலில் துவையுங்கள். பாதி வாளி தண்ணீரில் அரை ஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் போதும். பத்து நிமிடம் ஊறவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக அழுத்தி எடுத்தால் அழுக்கு போய்விடும். இரவு முழுக்க ஊறப்போட வேண்டாம். அடர்ந்த நிறம் வெளியேறிப் பக்கத்துத் துணியில் ஏறும்.

தண்ணீர் விஷயத்தில் இரண்டு சிக்கல். ஒன்று சூடு. சித்திரை மாதம் மத்தியானம் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கையைச் சுடும். லேபிளில் 30 டிகிரி என்று போட்டிருக்கும் துணிக்கு அது அதிகம், காலையிலேயே துவைத்துவிடுங்கள். மாதவிடாய்க் கறைக்கும் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் பட்டால் ரத்தம் நூலிலேயே இறுகிக்கொள்ளும். இன்னொன்று போர்வெல்லின் உப்புத் தண்ணீர். அதிலுள்ள கால்சியத்தோடு சோப்புக்கட்டி சேர்ந்தால் வெள்ளைத் துணி சாம்பல் பூத்து மொரமொரப்பாகிவிடும். லிக்விட் டிடர்ஜென்ட் என்று நான் சொல்வது அதற்காகத்தான். குளோரின் பிளீச் பக்கமே போகாதீர்கள். ஸ்பான்டெக்ஸை மஞ்சளாக்கி அரித்துவிடும்.

பட்டு உள்ளாடை வைத்திருப்பவர்கள் குறைவுதான். இருந்தால், கறை நீக்கும் என்சைம் கலந்த டிடர்ஜென்ட் வேண்டாம். ரத்தம், பால் கறையைக் கரைக்கும் என்சைம் பட்டுத் துணியையும் விடாது, கறையும் பட்டும் இரண்டுமே புரதம். கொஞ்சம் பேபி ஷாம்பூ போதும். (பளபளவென்று இருப்பதெல்லாம் பட்டு இல்லை, முக்கால்வாசி பாலியெஸ்டர் சாட்டின். லேபிளைப் பாருங்கள்.)

மெஷினில்தான் போடுவேன் என்றால் ஹூக்கை மாட்டிவிட்டு, ஜிப் வைத்த வலைப் பையில் போடுங்கள். மாட்டாத ஹூக் லேஸைக் கிழிக்கும். வயர் வைத்த பிராவைக் கையால் துவைப்பதே நல்லது. மெஷினில் சுற்றிச் சுற்றி வயர் துணியைக் குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

முறுக்கிப் பிழிவது இன்னொரு கெட்ட பழக்கம். கனமான டவலில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் டவலுக்குப் போய்விடும். அப்புறம் ஸ்ட்ராப்பில் தொங்கவிடாமல், இரண்டு கப்புக்கும் நடுவே கொடியில் மடித்துப் போடுங்கள். ஈரக் கனத்தில் ஸ்ட்ராப் நீளாது.

காயப்போடுவதில்தான் நம் ஊர் வெட்கம் குறுக்கே வருகிறது. புடவைக்கு அடியில், டவலுக்கு அடியில், ஹாஸ்டலில் கட்டிலுக்கு அடியில். காற்றுப் படாமல் அரை ஈரத்தோடு அதையே மறுநாள் போட்டுக்கொண்டால் இடுக்குகளில் படர்தாமரை வர வழி ஆகிறது. வந்துவிட்டால் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு கலந்த களிம்பு தடவாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். பருத்தி ஜட்டிகளை நல்ல வெயிலில் காயவையுங்கள். லேஸ், நைலான், ஸ்பான்டெக்ஸ் உள்ளதற்கு நேர் வெயில் ஆகாது. காற்றோட்டமான நிழல் போதும், அவை சீக்கிரமே காய்ந்துவிடும். அந்தப் பெண்ணுக்கு வட்டமான கிளிப் ஹேங்கர் ஒன்றைக் கொடுத்து, ஜன்னலோரம் மாட்டச் சொன்னேன். அறைத்தோழிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்றாள். அவர்களுக்கும் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல் என்றேன்.

புதிதாக ஒன்று எடுத்துக்கொண்டு, முதல் நாளே உள் வரிசை ஹூக்கில் மாட்டப் போனாள். தடுத்தேன். புதிதாக வாங்கும்போது கடைசி வரிசையில், அதாவது இருப்பதிலேயே லூசான வரிசையில், சரியாகப் பொருந்த வேண்டும். எலாஸ்டிக் தளரத் தளர உள்ளே நகர்த்திக்கொள்ளத்தான் அந்த மூன்று வரிசையும். உள் வரிசையில் மாட்டியும் முதுகுப் பட்டை மேலே ஏறினால், அதை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.