முன்தோல் திடீரென வீங்கினால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கம்பத்தில் கிளினிக் வைத்திருப்பதால் மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போய்வருகிற ஆண்கள் நிறையப் பேரைப் பார்க்கிறேன். "வயித்து வலி டாக்டர்" என்று உட்காருவார்கள். நர்ஸ் வெளியே போனதும் குரல் இறங்கும்: "கீழ ஒரு மாதிரி வீங்கியிருக்கு." எப்போதிலிருந்து என்று கேட்டால் இரண்டு நாள், மூன்று நாள் என்பார்கள். வண்டன்மேடு பக்கம் தங்கி வேலை பார்க்கிறவர் என்றால், கூலி வாங்கி ஜீப் ஏறும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பார்.

முன்தோல் வீக்கத்தில் பெரும்பாலானவை ஒரு நாள் தாமதத்தைத் தாங்கும். சில தாங்காது, அவற்றில் முக்கியமானது தோல் சிக்கிக்கொள்வது. எனவே வீக்கத்தைக் கண்டதும் முதலில் பார்க்க வேண்டியது, தோல் அதன் இடத்தில் இருக்கிறதா என்பதை.

பின்னால் தள்ளிய முன்தோல், ஆணுறுப்பின் நுனியான மொட்டுக்குப் பின்னால் சிக்கி, முன்னால் வர மறுத்தால் அது அவசரம். விரலில் ரப்பர் பேண்டு இறுக்கியதைப் போலத்தான். ரத்தம் உள்ளே வரும், திரும்பிப் போகாது. வீக்கம் கூடக் கூட இறுக்கமும் கூடும். மணிக்கணக்கில் அப்படியே விட்டால் மொட்டு நீலமாகி, கறுத்து, அழுகத் தொடங்கும். உடலுறவுக்குப் பிறகோ, கழுவிய பிறகோ தோலை முன்னால் இழுத்துவிட மறப்பவர்களுக்கு இது வரும். வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் பெரியவர்களுக்கு இன்னும் அதிகம். மூத்திர டியூப் போடும்போது தோலைப் பின்னால் தள்ளுவார்கள், முன்னால் கொண்டுவர விட்டுப்போகும். டியூப் மாற்றிய அன்று, பார்த்துக்கொள்கிறவர் ஒருமுறை விலக்கிப் பார்த்துவிடுவது நல்லது.

மாட்டிக்கொண்டால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், இரவானாலும் சரி. போகிற வழியில் வீங்கிய பகுதியைச் சுத்தமான துணியால் சுற்றி, உள்ளங்கையால் சில நிமிடங்கள் ஒரே சீராக அழுத்திப் பிடிக்கலாம். நீர் வடிந்தால் தோல் தளரும். மரத்துப்போகும் ஜெல் தடவி, அழுத்தி, கையாலேயே சரிசெய்வதுதான் பெரும்பாலும் நாங்கள் செய்வதும். அதற்கு மசியாவிட்டால்தான் இறுக்கத்தைக் கீறிவிட வேண்டியிருக்கும்.

சரி, தோல் இடத்தில்தான் இருக்கிறது, ஆனால் பளபளவென்று நீர் கோத்தது போல உப்பியிருக்கிறது, வலியைவிட அரிப்புதான் அதிகம். இது பெரும்பாலும் பூச்சிக்கடி. அந்தத் தோல் மெல்லியது, தளர்வானது, சின்ன எறும்பு கடித்தாலும் பெரிதாக வீங்கும். மழைக்காலத்தில் தோட்டத்தில் அட்டையும் ஏறும். அட்டை கடித்த இடத்தில் ரத்தம் உறையாமல் கசிந்துகொண்டே இருக்கும். பயப்பட வேண்டாம், துணி வைத்து அழுத்தினால் நிற்கும். காலில் ஏறிய அட்டைக்குப் போடுகிற புகையிலையையும் சுண்ணாம்பையும் மட்டும் இங்கே போடாதீர்கள். அட்டையைவிட சுண்ணாம்பால் வெந்துபோன தோலை ஆற்றுவதுதான் பெரிய வேலை.

தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர்கள் கழிவறைக்குப் போய் வந்தபின் கை கழுவுவார்கள். போவதற்கு முன்னாலும் கழுவ வேண்டும். மருந்து பட்ட கையால் தொட்டு, மாலைக்குள் சிவந்து வீங்கி வருகிறவர்கள் உண்டு. புது சோப்பு, டெட்டால், ஆணுறை ரப்பர், வலி மாத்திரை ஒவ்வாமை, இவையும் இதே வேலையைச் செய்யும். உதடும் முகமும் சேர்ந்து வீங்கி மூச்சு முட்டினால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

தோலுக்கு அடியில் வெள்ளைப் படலம், வாடை, எரிச்சல் என்றால் தொற்று. முன்தோல் விளிம்பில் மெல்லிய வெடிப்புகளும் இருந்தால் நான் அன்றே சர்க்கரை பார்த்துவிடுவேன். தனக்குச் சர்க்கரை இருப்பதை இப்படித் தெரிந்துகொண்டவர்கள் பலர். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றுகின்றன, அதனால் பூஞ்சைத் தொற்று எளிதாக வரும். நீங்களாக நிறுத்தாமல், எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் ஒற்றி, பூஞ்சைக்கான களிம்பு போட்டால் பெரும்பாலும் அடங்கும். படர்தாமரைக்குக் கடையில் தருகிற ஸ்டீராய்டு கலந்த களிம்பு வேண்டாம். புண் இருந்தால் பால்வினை நோய்ப் பரிசோதனையும் தேவை, துணைக்கும் சேர்த்துத்தான். சர்க்கரை நோயாளிக்குக் காய்ச்சலோடு சிவப்பு விதைப்பைக்குப் பரவி, தாங்க முடியாத வலி இருந்தால் உடனே அட்மிட் ஆக வேண்டும். சிறுநீர் அடைத்துக்கொண்டாலும் அப்படித்தான்.

அப்புறம் குழந்தைகள். குளிப்பாட்டும்போது எண்ணெய் தடவி முன்தோலைப் பின்னால் தள்ளிவிடும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டிமாரிடம் இதற்காக நான் சண்டையே போட்டிருக்கிறேன். சிறு வயதில் தோல் மொட்டோடு ஒட்டியிருப்பது இயல்பு, வளர வளரத் தானாக விலகும். பலவந்தமாகத் தள்ளினால் கிழியும், இல்லையென்றால் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, காலையில் எழும்போது கண்ணிமையும் சேர்ந்து வீங்கியிருந்தால் பூச்சிக்கடி என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீரில் புரதம் போகிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.