மைன்கிராஃப்டில் விட்ட அம்பு ஏன் காலடியில் குத்துகிறது?

திரை நடுவிலுள்ள பிளஸ் குறியை ஸ்கெலிட்டன் என்ற எலும்புக்கூட்டு எதிரியின் நெஞ்சில் வைத்து விட்ட அம்பு, அதன் காலடியில் போய்க் குத்தும். கை நடுங்கியதால் அல்ல. உயர்தரப் பௌதிகவியலில் எறியக் கணக்குக்குப் புவியீர்ப்பு ஆர்முடுகலை 10 என்று போடுவோம். ஆட்டத்தின் கணினிக்கான ஜாவா பதிப்பில் அம்புக்கு அது 20 (ஆட்டத்தின் ஒரு கட்டையான புளொக்கை ஒரு மீற்றராகக் கொண்டால்). ஆட்டம் ஒரு செக்கனை 20 டிக்குகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு டிக்கிலும் அம்பின் கீழ்நோக்கிய வேகம், டிக்குக்கு 0.05 புளொக் என்ற அளவில் கூடும். பாடத்தில் நாம் விட்டுவிடும் வளித்தடையும் இங்கே உண்டு: டிக்குக்கு நூற்றுக்கு 1 வீதம் வேகம் குறையும்.

ஆனாலும் பெரும்பாலான குறி தவறுவது ஈர்ப்பால் அல்ல, அவசரத்தால். மவுஸின் வலப்பொத்தானை முழுதாக ஒரு செக்கன் பிடித்தால் அம்பு செக்கனுக்கு 60 புளொக் வேகத்தில் புறப்படும். அரைச் செக்கனில் விட்டால் 30 கிடைக்காது, 25 தான். 20 புளொக் தூரத்தில் முழு இழுவை அம்பு 1 புளொக் தாழும். அரை இழுவை அம்போ 6.7 புளொக் தாழ்ந்து, இலக்கை எட்டுமுன்பே நிலத்தில் குத்திவிடும். செக்கனை எண்ணத் தேவையில்லை. நாணை இழுக்க இழுக்கக் காட்சி கொஞ்சம் கிட்ட வரும். அது நின்ற கணம் முழு இழுவை. அதற்குமேல் பிடித்திருந்தால் வேகம் கூடாது, நடைதான் மந்தமாகும்.

முழு இழுவையில் 10 புளொக்குக்கு 0.2, 30க்கு 2.4, 40க்கு 4.5 புளொக் தாழ்வு. தூரம் இரட்டித்தால் தாழ்வு நான்கு மடங்குக்கும் சற்றுக் கூடும். ஸ்கெலிட்டனின் உயரம் ஏறக்குறைய 2 புளொக் என்பதால் அதையே அளவுகோலாக்கலாம்: நெஞ்சில் பட வேண்டுமானால் 20இல் தலைக்குச் சற்று மேலே, 40இல் நெஞ்சிலிருந்து இரண்டேகால் ஆள் உயரம் மேலே. அந்தத் தூரத்தில் சரியாகக் குறி வைத்தாலும் சில அம்புகள் தவறும், ஏனென்றால் ஒவ்வோர் அம்புக்கும் ஆட்டமே சிறு சிதறலைச் சேர்க்கிறது. தண்ணீருக்குள் எய்ய வேண்டாம். அங்கே டிக்குக்கு 40 வீத வேகம் போய், ஏழெட்டு புளொக்கில் அம்பு செத்துவிடும்.

குறுக்கே நடக்கும் ஆட்டக்காரர் செக்கனுக்கு 4.3 புளொக் போவார். 30 புளொக்கைக் கடக்க அம்புக்கு அரைச் செக்கன் வேண்டும். ஆகவே அவருக்கு முன்னால் 2 புளொக்குக்குச் சற்றுக் கூடவே குறி வையுங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வெளிநாட்டுச் சேர்வரில் விளையாடினால் பிங்கையும், அதாவது இணையத் தாமதத்தையும், கூட்ட வேண்டும்: 100 மில்லிசெக்கனுக்கு இன்னும் அரைப் புளொக்.