கையெழுத்து வாங்கும் பட்டியலை அச்சிடும் முன்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அதையொட்டி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கமிருந்து எனக்குக் கணக்கு வேலை குவியத் தொடங்கும். மீனவர் சங்க உறுப்பினர் பட்டியல், கடல்பாசி எடுக்கும் பெண்களின் குழுக் கணக்கு, எல்லாமே எக்செலில்தான். பெயர், ஆதார் எண், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, படகுப் பதிவு எண் என்று பத்திகள் நீண்டுகொண்டே போகும். திரையில் குறை தெரியாது. அச்சிட்டால் பெயர் ஒரு தாளிலும் கணக்கு எண் வேறொரு தாளிலும் வந்து விழும்.

இதைக் காகித நட்டமாக மட்டும் பார்க்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிய கவலை உண்டு. திரையைப் பார்ப்பது தட்டச்சு செய்தவர் மட்டுமே. உறுப்பினர் பார்ப்பது தாளைத்தான். இரண்டாம் தாளிலிருந்து தலைப்பு வரி இல்லாவிட்டால், தொகை எந்தப் பத்தி, பிடித்தம் எந்தப் பத்தி என்று அவருக்கு எப்படித் தெரியும்? விரல் காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டுப் போவார். அவரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமில்லை.

பேஜ் லேஅவுட்டில் ‘பிரிண்ட் டைட்டில்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது. அதில் ‘ரோஸ் டு ரிப்பீட் அட் டாப்’ கட்டத்தில் தலைப்பு வரியைக் காட்டிவிட்டால் ஒவ்வொரு தாளிலும் தலைப்பு வரும். அச்சு முன்னோட்டத்திலிருந்து பேஜ் செட்டப்புக்குள் போனால் இந்தக் கட்டம் மங்கலாகவே இருக்கும். தட்டச்சு செய்யும் திரைக்குத் திரும்பி வந்து திறக்க வேண்டும். பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

அகலத்துக்கு வருவோம். தாளைப் படுக்கை வசமாக்கி, ‘விட்த்’ என்பதை ஒரு பக்கம் என்றும், ‘ஹைட்’ என்பதை ‘ஆட்டோமேட்டிக்’ என்றும் வையுங்கள். முழுப் பட்டியலையும் ஒரே பக்கத்தில் அடக்கும் தேர்வைத் தொடாதீர்கள். நூறு பெயர்களும் எறும்பு வரிசைபோல ஆகிவிடும். அளவு 60 சதவீதமாகக் குறைந்தால் 11 புள்ளி எழுத்து 7 புள்ளிக்கும் கீழே போகிறது. வயதானவர்கள் அதைப் படிக்கவே முடியாது. கையெழுத்துக்குத் தேவையில்லாத பத்திகளை மறைத்துவிடுவதே சிறந்த வழி. மறைத்த பத்தி அச்சில் வராது.

முன்னோட்டத்தில் பக்க எண்ணிக்கை அளவுக்கு மீறித் தெரிந்தால், கன்ட்ரோலையும் எண்டையும் சேர்த்து அழுத்தி, எக்செல் எதைக் கடைசிக் கட்டமாக எண்ணுகிறது என்று பாருங்கள். எங்கோ கீழே ஓர் இடைவெளியோ கட்டக்கோடோ மிச்சமிருக்கும். தேவையான பகுதியைத் தேர்ந்து ‘பிரிண்ட் ஏரியா’ வைத்தால் வெற்றுத் தாள்கள் வராது.

வங்கிக் கணக்கு எண்ணில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். எக்செல் 15 இலக்கங்களைத்தான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். 16 இலக்க எண்ணை அப்படியே தட்டச்சு செய்தால் கடைசி இலக்கம் பூஜ்யமாக மாறிவிடும். முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். பத்தியை முதலில் ‘டெக்ஸ்ட்’ ஆக்கிவிட்டுப் பிறகு எண்களை இடுங்கள். பின்னால் மாற்றினால் போன இலக்கம் திரும்பி வராது. தடைக்கால நிவாரணத்தை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு ஓர் இலக்கம் சின்ன விஷயமல்ல.

ஜெராக்ஸ் கடைக்கு எக்செல் கோப்பைக் கொண்டுபோகாமல், உங்கள் கணினியிலேயே பிடிஎஃப் ஆக்கிக் கொண்டுபோங்கள். அங்குள்ள பிரிண்டருக்கு ஏற்பப் பக்கங்கள் இடம் மாறலாம். பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பெயர்கள் சிதைந்தும் போகலாம்.

பிழையாக வந்த தாள்களைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். அவை பழைய பேப்பர் கடைக்குப் போய்ப் பொட்டலம் கட்ட வந்துவிடும். ஊர்க்காரர்களின் கணக்கு எண்கள் அதில் இருக்கும். கிழித்தே போடுங்கள். கையெழுத்துப் பட்டியலில் ஆதாரின் கடைசி 4 இலக்கங்கள் போதுமானவை. தாளின் அடியில் ‘மொத்தம் 6 பக்கங்களில் 2’ என்பதுபோல எண் வரும்படி வையுங்கள். நடுவில் ஒரு தாள் காணாமல் போனால் உடனே தெரிந்துவிடும்.

கைநாட்டுக்கு இடம் விடுவதையும் மறக்க வேண்டாம். வரியின் உயரத்தை 30 புள்ளி வைத்தால் தாளில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். அச்சு அளவு 70 சதவீதமாகச் சுருங்கினால் அந்த இடமும் சேர்ந்து சுருங்கும். அப்போது உயரத்தை 45 ஆக்கிக்கொள்ளுங்கள்.