ஜெபம் நடக்கட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள்

சபைகள் நடத்தும் கன்வென்ஷன் ஜெபக் கூட்டங்கள் முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் எங்கள் ஓ.பி.யில் ஒரு தனி வரிசை சேர ஆரம்பிக்கும். சுகர் முந்நூற்றைத் தாண்டியவர்கள், பிரஷர் ஏறித் தலை சுற்றுகிறது என்பவர்கள், வருடக்கணக்கில் வராத வலிப்பு திரும்ப வந்தவர்கள். "மாத்திரை ஒழுங்காக எடுக்கிறீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். கூட வந்த மகளோ மருமகளோதான் உடைத்துச் சொல்வார்: "மீட்டிங்ல ஜெபிச்சப்போ சுகமாயிட்டுன்னு சொன்னாவ டாக்டரே, அன்னைக்கே நிறுத்திட்டாவ."

மார்த்தாண்டம் பக்கம் பொது மருத்துவராக இருக்கிறேன். ஞாயிறு பாடசாலையில் வளர்ந்தவன், குணமாக்கும் வரத்தை இன்றும் நம்புகிறவன். என் மருத்துவத்துக்கு எட்டாத சுகங்களைப் பார்த்தும் இருக்கிறேன். ஆனால் வரத்தைப் பற்றி அதிகமாக எழுதிய அப்போஸ்தலன் பவுலே, அதைச் சோதித்துப் பார்ப்பதைப் பற்றியும் எழுதியிருக்கிறார். தீர்க்கதரிசனங்களை அற்பமாக எண்ணாதிருங்கள் என்று சொன்ன கையோடு, எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து நலமானதைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்கிறார் (1 தெசலோனிக்கேயர் 5). முதல் பாதி நம் மேடைகளில் நன்றாகவே கேட்கிறது. இரண்டாவது பாதியைச் சொல்ல ஆளில்லை.

குஷ்டரோகியைச் சுகமாக்கிய இயேசு அவனை எங்கே அனுப்பினார்? ஆசாரியனிடம் போய் உன்னைக் காண்பி என்றார் (மத்தேயு 8:4). அந்தக் காலத்தில் குஷ்டம் இருக்கிறதா, போய்விட்டதா என்று தோலைப் பார்த்துச் சொல்லும் பொறுப்பு ஆசாரியனுடையது. லேவியராகமம் 13, 14 அதிகாரங்களைப் படித்தால் கிட்டத்தட்ட ஒரு கிளினிக் குறிப்பு மாதிரியே இருக்கும். சுகத்தைக் கொடுத்தவரே செக்கப்புக்கு அனுப்பியிருக்கும்போது, ஒரு ரத்தப் பரிசோதனை எப்படி அவிசுவாசமாகும்?

ஜெபித்ததும் மாத்திரையை விட்டவர்கள் ஏமாறுவதற்கு உடம்பும் ஒரு காரணம். பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பெரும்பாலும் அன்று ஒன்றும் தெரியாது, மறுவாரமும் தெரியாது. "பாருங்க, நல்லாத்தானே இருக்கேன்" என்பார்கள். பக்கவாதம் வரும்போதுதான் தெரியும். மூன்று நாள் உபவாசத்துக்குப் பிறகு காலையில் குத்திப் பார்த்தால் சுகர் இறங்கித்தான் இருக்கும், சாப்பிடவில்லையே. போன இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்வது எச்பிஏ1சி பரிசோதனைதான். அதுவும் மாத்திரை எடுத்துக்கொண்டிருக்கும்போது நார்மலாக வந்தால், மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் அர்த்தம். காசநோய்க்காரருக்கு இரண்டு மாதத்தில் இருமல் நின்று பசி எடுக்கும். ஆறு மாத மருந்தை அங்கே விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாகித் திரும்பக்கூடும். சிறுவயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலினை நம்பி வாழும் பிள்ளைகளுக்கோ இந்த அவகாசம்கூடக் கிடையாது. ஊசியை நிறுத்திய ஓரிரு நாளில் வாந்தி, மூச்சிரைப்பு, அப்புறம் ஐ.சி.யூ.

இதற்கு நேர் எதிரான ஆபத்தும் உண்டு. அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை பார்க்கும் ஒரு அம்மாவை (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்) வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்திலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காலையில் சர்க்கரையை இறக்கும் கிளிமிப்பிரைடு மாத்திரையைப் போட்டுவிட்டு, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறார். பதினோரு மணிக்குக் கை நடுங்கியது, பேச்சு குழறியது, சாய்ந்து விழுந்தார். பரிசுத்த ஆவியின் அபிஷேகம் இறங்கிவிட்டது என்று சுற்றி நின்று கைதட்டிப் பாடியிருக்கிறார்கள். புடவை வேர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. குளுக்கோமீட்டரில் சர்க்கரை வெறும் 38. நரம்பில் குளுக்கோஸ் ஏற்றிய சில நிமிடத்தில் கண்ணைத் திறந்து, "எனக்க பை எங்க?" என்றார். கூட வந்த பாஸ்டர் நல்ல மனிதர். வராந்தாவில் வெகுநேரம் பேசாமல் நின்றுவிட்டு, "இது எங்களுக்குத் தெரியாதே டாக்டர்" என்றார். தெரியாததுதான் பிரச்சினை, அவருக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது.

கெட்ட எண்ணமும் சில இடங்களில் உண்டு. "உன் கிட்னியில் ஒன்றுமில்லை என்று கர்த்தர் காட்டினார்", "உன் சொந்தக்காரி வைத்த ஏவல்தான் இந்த வியாதி" என்று தனியறையில் சொல்லப்படும் தரிசனங்களைச் சொல்கிறேன். முதலாவது டயாலிசிஸில் முடிகிறது, இரண்டாவது அண்ணன் தம்பி குடும்பங்களைப் பிரிக்கிறது. கொரிந்து சபைக்குப் பவுல் வைத்த ஒழுங்கு வேறு மாதிரி: இரண்டு மூன்று பேர் தீர்க்கதரிசனம் சொல்லலாம், மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் (1 கொரிந்தியர் 14:29). நாலு பேர் நடுவில் சொல்ல முடியாத தரிசனத்தை, காணிக்கைக் கவரோடு போய்த் தனியாகக் கேட்காதீர்கள்.

"மாத்திர போட்டா விசுவாசம் இல்லன்னு ஆயிருமே" என்று கேட்பவர்களுக்கு நான் பவுலின் இளம் ஊழியர் தீமோத்தேயுவை நினைவூட்டுவேன். அவருடைய வயிற்றுக்கும் அடிக்கடி வரும் பலவீனத்துக்கும் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னவர் பவுல். அதே பவுல்தான் தன் உடன் ஊழியர் துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியோடு விட்டுவந்ததாக எழுதுகிறார். பிரியமான வைத்தியனாகிய லூக்காவும் அவர் கூடவே இருந்தார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இதைச் சொல்ல வேண்டியிருப்பதே விசித்திரம். நெய்யூரில் 1838-லேயே ஆர்ச்சிபால்ட் ராம்சே மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1922-ல் எவரெஸ்ட் ஏறப் போன குழுவில் இருந்த அறுவை மருத்துவர் சாமர்வெல், திரும்பும் வழியில் நெய்யூரைப் பார்த்துவிட்டு, பிறகு அங்கேயே வந்து ஆண்டுக்கணக்கில் ஆபரேஷன் செய்தார். ஜெபித்துவிட்டுக் கத்தியை எடுத்தவர்களின் ஊர் இது. ஜெபமா மருந்தா என்ற சண்டை நம் தாத்தா பாட்டிக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு சிறிய சபையில், சுகமானேன் என்று சாட்சி சொல்ல வருகிறவரிடம் பாஸ்டர் பழைய ரிப்போர்ட்டையும் புதிய ரிப்போர்ட்டையும் கேட்கிறார். சாட்சிகள் குறைந்துவிட்டன என்று சிலருக்கு வருத்தம். எனக்கு அந்தச் சபையின் சாட்சிகள் மேல்தான் நம்பிக்கை அதிகம். கையை வைத்து ஜெபிக்கிறவர்கள், "டாக்டர் சொல்லும்வரை மாத்திரையை நிறுத்தாதீர்கள்" என்று மைக்கில் ஒரு வரி சொன்னால் போதும். நாங்கள் அரை மணி நேரம் சொல்வதைவிட அது எடுபடும்.

உபவாச ஜெபம் வைக்கும் சபைகள் ஒரு குளுக்கோமீட்டரும் சர்க்கரையும் வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் உபவாசத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு அளவை மாற்றிக்கொள்ள வேண்டும். யாராவது வேர்த்து நடுங்கினால், நினைவிருக்கும்போதே சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லாதவர் வாயில் ஜெபித்த எண்ணெய் உட்பட எதையும் ஊற்றக்கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அவர் பையில் இருக்கும் மாத்திரை அட்டையையும் மறக்காமல் கொடுத்தனுப்புங்கள்.